அம்மா போடாத ஃபா

பன்னிரண்டு வயதில் இசையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அடம்பிடித்து மற்றவர்களையும் நம்பவைத்திருந்தேன். தியரிப் பரீட்சையில் ஐந்தாம் கிரேடை டிஸ்டிங்ஷனில் முடித்துவிட்டு, ஆறாம் கிரேடுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்த காலம் அது. பஸ்ஸில் ஹாரன் அடித்தால் அந்த இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் எத்தனை இடைவெளி என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வேன். அவர் கேட்காமலே சொல்வேன்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் தியரி மாஸ்டர். சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து, திண்டுக்கல்லில் எங்கள் சர்ச்சின் பின்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போவார். நான்கு குரலுக்குப் பாட்டு எழுதும்போது மேல் குரலும் கீழ்க் குரலும் ஒரே ஸ்வரத்தில் கைகோத்துக்கொண்டு நடக்கக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். அதற்குக் கன்செக்யூட்டிவ் ஆக்டேவ் என்று பெயர். நோட்டில் அது தென்பட்டால் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுப்பார். கோபம் மிஞ்சினால் நோட்டே பறக்கும். பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த பதினொன்றாவது கட்டளை அது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டளையைப் பற்றிக் கவலைப்படாத ஒரே ஆள் என் அம்மா. சர்ச்சில் ஆர்கன் வாசித்ததும் கொயரை நடத்தியதும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தியரிப் பரீட்சை ஒன்றுகூட எழுதியதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை ஏதாவதொரு பாட்டை எடுத்து, நான்கு குரலுக்கும் பிரித்து, பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். எங்கள் பக்கத்துக் கொயர்களில் ஐந்து கோட்டு நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. டோ, ரே, மீ, ஃபா, ஸோ, லா, டீ என்று எழுத்துகளாகவே எழுதி, நடுவே புள்ளியும் கோடும் போட்டு, எது எத்தனை நேரம் என்று காட்டிவிடுவார்கள். அந்தத் தாளைக் கையில் கொடுத்தால் ரயில்வேயில் வேலை பார்க்கும் அண்ணனும் பாடுவார், பூ மார்க்கெட்டில் கணக்கெழுதும் அக்காவும் பாடுவார். எனக்கு அது இளப்பமாக இருந்தது. ஐந்து கோடு படித்தவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களைப் பார்த்தால் வரும் இளப்பம்.

ஆனாலும் அந்தத் தாள்களில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அம்மாவின் கையெழுத்தை அம்மாவே படிக்க முடியாது. என் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். அதனால் அவள் கிறுக்கியதை நான் கருப்பு மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நகலெடுப்பேன். அதை ஜெராக்ஸ் போட்டுக் கொயருக்குக் கொடுப்பார்கள். தாளின் கீழ் மூலையில் என் பெயரைப் பொடியாக எழுதிவைப்பேன். யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தாடிக்கொம்பு ரோட்டில் விதைக் கடை. கொயரில் கடைசி வரிசையில், பேஸ் என்கிற கீழ்க் குரல். கடையிலிருந்து எதிர்ச்சாரி டீக்கடைக்கு இரண்டு டீ சொல்ல அவர் எழுந்து வாசலுக்கு வர வேண்டியதில்லை. கல்லாவில் இருந்தபடியே சொன்னால் லாரிச் சத்தத்தையும் தாண்டிப் போய்ச் சேரும். அந்த வருஷம் தை மாதத்தில் கழுத்தில் ஒரு கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று. கூடவே குரலும் போயிற்று. பேச்சு மெள்ளத் திரும்பிவிடும், பாட்டுக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் சில மாதங்கள் அப்பா கிசுகிசுத்துத்தான் பேசினார். அதில் ஒரு வேடிக்கை. குஜிலியம்பாறைப் பக்கமிருந்து கடலை விதை கேட்டு வருகிற சம்சாரிகள், கடைக்காரர் ரகசியம் பேசுகிறார் என்று நினைத்து அவர்களும் கிசுகிசுப்பார்கள். கடை முழுக்க ஆட்கள் நின்றுகொண்டு கள்ளச்சாராயம் வாங்குவதுபோல விதை வாங்கிப் போவார்கள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அப்பா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொயருக்குப் போகாமல், கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு எடுக்கும்போது வாயைத் திறக்க மாட்டார். புத்தகத்தைக்கூடப் பிரிக்க மாட்டார்.

புரட்டாசி வாக்கில் பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. அறுப்பின் பண்டிகைக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, பண்டிகைக்குக் கொயர்ல வந்து நில்லுங்க."

"என்னால ஏலாது."

"ஒரு பாட்டு. ஒன்னே ஒன்னு."

அப்பா கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி, ஒரு பாட்டு" என்றார். "அதுல ஒழுங்கா வரலைன்னா இனி என்னையக் கூப்புடக் கூடாது. எம்புட்டு வருசமானாலும் சரி. என் எடத்துல வேற ஆளப் போட்டுரு."

"சரி" என்றாள் அம்மா. அம்மா கணக்கு டீச்சர், சொன்னால் சொன்னதுதான். அப்பாவும் அப்படியே. அந்த ஒரு பாட்டில் எல்லாம் இருக்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அப்பா பாடிவிட வேண்டும் என்று நானும் தினமும் ஜெபம் பண்ணினேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு சடங்கு ஆரம்பித்தது. அம்மா கீபோர்டில் ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்துவாள். அப்பா அதைப் பாடிக் காட்ட வேண்டும். அம்மா அடுத்ததை அழுத்துவாள். "இது வருதா?" "இது?" "இன்னொரு தடவை." நான் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு இது தெரிந்த சமாச்சாரம். எங்கள் பரீட்சையிலும் காதுச் சோதனை என்று ஒன்று உண்டு. பரீட்சகர் பியானோவில் ஒரு ஸ்வரத்தை வாசிப்பார், நாம் அதைத் திருப்பிப் பாட வேண்டும். முதல் கிரேடுப் பிள்ளைகள் செய்வது. அதில் என் அப்பா தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரு நாள் அம்மா எழுதிவைத்திருந்த தாளை எட்டிப்பார்த்தேன். ஏழு ஸ்வரங்களின் எழுத்துகளும் வரிசையாக இருந்தன. டோ, ரே, மீ, ஸோ, நான்கையும் சுற்றி வட்டம். லாவின் மேலும் டீயின் மேலும் குறுக்குக் கோடு. ஃபாவின் மேல் மட்டும் பென்சில் அழுந்த ஒரு பெருக்கல் குறி. ஏழுக்கு நாலு. பாஸ் மார்க்குக்குச் சற்று மேலே. "பரவால்லப்பா, முயற்சி பண்ணா வந்துரும்" என்று அப்பாவைத் தேற்றினேன். அப்பா என் தலையில் கை வைத்து, "வந்துரும், வந்துரும்" என்றார். அம்மா அந்தத் தாளை மடித்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் பாட்டு என் கைக்கு வந்தது. நான்கு சரணம், கடைசியில் ஒரு நீண்ட ஆமென். ஸ்கேலையும் கருப்புப் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேல் மூன்று குரல்களிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பேஸுக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டோ, ரே, மீ, ரே, டோ. எப்போதாவது ஒரு ஸோ. முளையில் கட்டின மாடு மாதிரி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. அது போகட்டும். இரண்டாவது வரியின் முடிவில் மேல் குரல் மீயிலிருந்து ரேக்கு இறங்குகிறது. அதே நேரத்தில் பேஸும் மீயிலிருந்து ரேக்கு இறங்குகிறது. கைகோத்துக்கொண்டு! கன்செக்யூட்டிவ் ஆக்டேவ். பட்டப்பகலில், என் அம்மா எழுதிய பாட்டில். ஆமென் இன்னும் மோசம். ஆமென் என்றால் பேஸ் ஃபாவில் நின்று டோவுக்கு இறங்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாவின் பேஸ் டோவிலேயே நட்டுவைத்த மாதிரி நின்றது.

இதில் இன்னொரு இக்கட்டும் இருந்தது. பண்டிகைக்குத் தியரி மாஸ்டர் விருந்தினராக வருகிறார். முன் பெஞ்சில் உட்காருவார். அவர் காதில் இந்த ரே விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆர்கனை நோக்கி நோட்டு எறிய மாட்டார்தான். ஆனால் அவர் முகம் போகும் போக்கு எனக்குத் தெரியும். பாவம் அம்மா, படிக்காதவள், சபை முன்னால் தலைகுனிந்து நிற்பாள். அம்மாவிடம் எடுத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. பண்டிகை வேலையில் அவள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அதனால் நானே காரியத்தை முடித்தேன். இரண்டாவது வரியில் ரேயை எடுத்துவிட்டு ஃபா போட்டேன். மேல் குரல் இறங்கும்போது பேஸ் ஏறும். புத்தகத்தில் போட்டிருப்பது போலவே. ஆமெனுக்கும் ஒரு ஃபா. இரண்டே திருத்தம். கீழ் மூலையில் என் பெயரை அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

சனிக்கிழமை கரண்ட் இல்லாததால் ஜெராக்ஸ் கடை திறக்கவில்லை. கொயர் ஒத்திகையை அம்மா கரும்பலகையில் எழுதிப்போட்டே முடித்துவிட்டாள். அப்பா ஒத்திகைக்கு வரவில்லை. வீட்டில் பாடிப் பார்த்தது போதும் என்றுவிட்டார். ஞாயிறு காலையில் நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது முதல் மணி அடித்துவிட்டது. அம்மா அதற்குள் ஆர்கனில் உட்கார்ந்து, தன் கிறுக்கல் தாளை முன்னால் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கியிருந்தாள். நான் வரிசை வரிசையாகத் தாளைக் கொடுத்துக்கொண்டே போனேன். கடைசி வரிசையில், ஒன்பது மாதம் காலியாக இருந்த இடத்தில், அப்பா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துத் தழும்பு தெரியாமலிருக்க மேல் பட்டன் வரை போட்டிருந்தார். தாளை வாங்கிக்கொண்டவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

அறுப்பின் பண்டிகை என்றால் சர்ச்சே சந்தை மாதிரி இருக்கும். தூணுக்குத் தூண் கரும்பு, பலிபீடத்தின் கீழே சிறுமலை வாழைத்தார்கள், பூசணி, முருங்கை, மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம். காணிக்கையாக வந்த கோழிகள் கால் கட்டப்பட்டு ஓரமாகக் கிடக்கும். அவற்றின் கெக்கெக்கே சத்தத்துக்கு நடுவில்தான் ஜெபம். நான் முன் வரிசையில், மேல் குரலில். மாஸ்டர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தேன், இன்றைக்குக் கவலைப்பட வேண்டாம் என்ற பாவனையில்.

பாட்டு ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் அப்பாவின் குரல் வந்தது. பழைய குரல் இல்லை, அதில் பாதிகூட இல்லை. ஆனால் டோ டோவாகவும் மீ மீயாகவும் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி. என் ஃபா வந்தது.

அங்கே குரல் இல்லை. வெறும் காற்று. சைக்கிள் டியூபில் இருந்து காற்று இறங்குகிற சத்தம் அளவுக்கே. பேஸ் வரிசையில் இருந்த மற்ற இருவரும் தாளைப் பார்த்து ஃபாவைப் பிடித்துவிட்டார்கள், அதனால் சபைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது. அவள் விரல் வழுக்கி ஒரு தப்புக் கட்டை விழுந்தது. என் அம்மா ஆர்கனில் தப்பாக வாசித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

அப்பா தாளை மடித்துவிட்டுப் போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் போகவில்லை. தாளை இன்னும் கிட்டத்தில் பிடித்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி ஆர்கன் பக்கம் பார்த்தார். அம்மாவின் முதுகுதான் தெரிந்திருக்கும். இரண்டாம் சரணத்தில் அதே இடம் வந்தது. மறுபடி காற்று, ஆனால் அதற்குள் ஏதோ ஒன்று உரசியது. மூன்றாம் சரணத்தில் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். முன் வரிசையில் என் பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் காலை மிதித்தேன். நான்காம் சரணத்திலும் தகரம்தான், ஆனால் கொஞ்சம் நீளமாக.

கடைசியில் ஆமென். அம்மா வேகத்தைக் குறைத்தாள். ஆர்கன் சத்தத்தையும் குறைத்தாள். ஏன் குறைக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது, முடிவில் கூட்டித்தானே வாசிக்க வேண்டும். அந்த அமைதியில் அப்பாவின் ஃபா எழும்பியது. அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கரகரவென்று, நடுங்கிக்கொண்டு, ஓரமெல்லாம் பிய்ந்துபோய் வந்தது. ஆனால் அது ஃபா. சந்தேகமில்லாத ஃபா. அதில் நின்று, மூச்சுப் பிடித்து, டோவுக்கு இறங்கினார். ஒரு கோழி கெக்கென்றது. நான் அழுதுவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் மாஸ்டர் அம்மாவிடம் வந்தார். "பேஸ் சுத்தமா எழுதியிருந்தீங்க டீச்சர். அந்த ரெண்டாவது வரி ரொம்ப நல்லாருந்துச்சு" என்றார். அம்மா, "நன்றிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அவள் கையில் என் தாள் ஒன்று இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அப்பா தன் தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்தார்.

"கடைசி நேரத்துல ஃபா சேத்துட்டியே. வீட்டுல பாடும்போது இது இல்லையே."

அம்மாவின் கரண்டி சோற்றுப் பாத்திரத்திலேயே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாராட்டு வரப்போகிறது, அப்போது கன்செக்யூட்டிவ் ஆக்டேவைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"வரும்னு தெரியும். அதான் போட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொதத் தடவ வரலைன்னதும் போயிரலாம்னுதான் இருந்தேன்" என்றார். "அப்பறம், வராதத நீ எழுத மாட்டியேன்னு தோணுச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார்.

என் ஃபா! நான் யோசித்து, புத்தகம் பார்த்து, நான் போட்ட ஃபா. அதை அம்மா கூசாமல் தன்னுடையது என்கிறாள். தட்டைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்து என் கையை இறுக்கிப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அந்த ஃபா நீ போட்டதுன்னு அப்பாட்ட சொல்லக் கூடாது. என்னைக்கும் சொல்லக் கூடாது."

"ஏம்மா?"

"சொல்லாதன்னா சொல்லாத." அவள் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா அடுத்த ஞாயிறும் கொயரில் நின்றார். அதற்கடுத்த ஞாயிறும். இப்போதும் நிற்கிறார்; பாட்டில் ஃபா வந்தால் இப்போதும் கரகரக்கும், அவர் விடுவதாயில்லை. நான் வேறு ஊரில், வேறு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறேன். முதன்முதலாக என் கொயருக்குப் பாட்டு எழுத உட்கார்ந்தபோது, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாடச் சொல்லி, யாருக்கு எது வரும், எது வராது என்று ஒரு தாளில் குறித்தேன். வருவதைச் சுற்றி வட்டம், வராததன் மேல் பெருக்கல் குறி. மூன்றாவது ஆளுக்கு வட்டம் போடும்போது கை நின்றுவிட்டது. அம்மா அப்பாவுக்கு வைத்தது பரீட்சையே இல்லை. நான் சிவப்பு மை போடத் தகுந்தது என்று நினைத்த அந்த பேஸ், அப்பாவுக்கு மிச்சமிருந்த நான்கு ஸ்வரங்களை மட்டும் வைத்து, அவருக்கென்றே எழுதியது. இப்போது கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். கன்செக்யூட்டிவ் ஆக்டேவ் வந்தால் அது சிவப்பில் காட்டும். காட்டிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்படியில் நின்றபோது, இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், தியரி படிக்காத என் அம்மா ஒரு தப்புப் பண்ணிவிட்டாள், அது வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து அழுகிறாள் என்பதுதான். பாவம் என்று நினைத்தேன். அப்பாவிடம் காட்டிக்கொடுப்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். பிறகு தட்டு முன்னால் வந்து உட்கார்ந்து, பெரிய மனது பண்ணி, அம்மாவை மன்னித்தேன்.